ஓடை மேல் ஒரு வீடு: ஃபிராங்க் லாயிட் ரைட்

மலர்க் குழுவின் செயலாளர் (என் செட்டுக்காரர்தான்) போன் செய்து, இந்தத் தடவையும் ஹாஸ்டல் ரசத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தால் வாங்கமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போது படிக்கும் மாணவர்களுக்கும் பிரயோசனப்படுகிற மாதிரி ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுத வேண்டுமாம். விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றி இந்த மலரிலேயே மூன்று முறை வந்தாகிவிட்டது. எனவே நான் ஒரு ஆர்க்கிடெக்டை எடுத்துக்கொண்டேன். சிவில்காரன் ஆர்க்கிடெக்டைப் பற்றி எழுதினால் அது சண்டையில்தான் போய் நிற்கும் என்று நண்பர்கள் சிரிக்கலாம். கொஞ்சம் சண்டையும் வரத்தான் போகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நம் செட்டில் பாதிப் பேர் ரிட்டயர் ஆகி, பி.எஃப். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆர்க்கிடெக்ட் வாசலில் நிற்கிறார்கள். வீடு கட்டுவதையும் கல்யாணம் பண்ணுவதையும் நம் பெரியவர்கள் ஒரே மூச்சில் சொல்லி வைத்தது சும்மா இல்லை. அந்த ஆர்க்கிடெக்டிடம் எவ்வளவு விட்டுக்கொடுப்பது, எங்கே பிடித்துக்கொள்வது என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. அவர்களுக்கெல்லாம் நான் சொல்வது அமெரிக்காவில் ஓர் ஓடை மேல் கட்டிய வீட்டின் கதையைத்தான்.

ஃபிராங்க் லாயிட் ரைட் 1867-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். பிற்காலத்தில் இரண்டு வயதைக் குறைத்து 1869 என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். தகப்பனார் போதகர், சங்கீதம் தெரிந்தவர், ஆனால் குடும்பத்தில் ஒட்டவில்லை. பையன் வாலிபனாகும் சமயத்தில் விவாகரத்து ஆகிப் பிரிந்து போனார். தாயார்தான் எல்லாம். மழலைப் பள்ளி முறையை உண்டாக்கிய ஃப்ரோபெல் வடிவமைத்த மரக்கட்டைகளை அந்த அம்மாள் பையனுக்கு வாங்கிக் கொடுத்தார். அந்தக் கட்டைகளை அடுக்கித்தான் வடிவம் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டதாக ரைட் கடைசி வரை சொல்லிவந்தார்.

மாணவத் தம்பிகள் இதை அப்பா அம்மாவிடம் காட்ட வேண்டாம்: மேடிசன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் பட்டம் வாங்கவே இல்லை. கொஞ்ச நாள் அங்கிருந்த இன்ஜினீயரிங் பேராசிரியர் ஒருவரிடம் வேலை பார்த்துவிட்டு, 1887-ல் சிகாகோவுக்குப் போய்விட்டார். அதே பல்கலைக்கழகம் 1955-ல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்துக் கணக்கை நேர் செய்தது.

சிகாகோவில் லூயி சலிவன் என்ற பெரிய ஆர்க்கிடெக்டிடம் வேலை கிடைத்தது. 1889-ல் காதரின் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஓக் பார்க் என்ற புறநகரில் சொந்த வீடு கட்ட சலிவனே 5,000 டாலர் கடன் கொடுத்தார். சம்பளம் போதவில்லை, பிள்ளைகள் வரிசையாகப் பிறந்தன (மொத்தம் ஆறு). முதலாளிக்குத் தெரியாமல் ராத்திரி நேரத்தில் மற்றவர்களுக்கு வீட்டு பிளான் போட ஆரம்பித்தார். விஷயம் வெளியே வந்து 1893-ல் அந்த வேலை போயிற்று. சொந்தமாகத் தொழில் தொடங்கினார்.

அடுத்த பதினைந்து வருஷத்தில் அவர் கட்டிய வீடுகள் அமெரிக்க வீட்டின் முகத்தையே மாற்றின. அதற்கு முன் வீடு என்றால் டப்பா டப்பாவாக அறைகள், மேலே கூர்மையான கூரை. இவர் கூரையைத் தாழ்த்தி இறவாரத்தை நீட்டினார், ஜன்னல்களை வரிசையாகச் சேர்த்தார், உள்ளே சுவர்களை எடுத்துவிட்டு நடுவில் பெரிய கணப்பு அடுப்பை வைத்தார். குளிர் நாட்டில் குடும்பம் கூடும் இடம் கணப்புதான். நம் வீட்டு முற்றம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஜை, நாற்காலி, விளக்கு எல்லாம் அவரே வரைவார். குடிவந்த பிறகு சோபாவை நகர்த்தினால் கூடக் கோபம் வரும்.

குடும்பம் கூட வேண்டும் என்று அடுப்பை நடுவில் வைத்தவர் தன் குடும்பத்தை விட்டுவிட்டுப் போனார் என்பதையும் எழுதத்தான் வேண்டும். செனி என்ற ஓக் பார்க் வாடிக்கையாளருக்கு வீடு கட்டிக் கொடுத்தபோது, அவர் மனைவி மேமாவோடு பழக்கமாகி, 1909-ல் இருவரும் ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். காதரினும் ஆறு பிள்ளைகளும் ஓக் பார்க்கில். திரும்பி வந்து 1911-ல் தாய்வழிச் சொந்தக்காரர்களின் ஊரில் டாலியெசின் என்ற வீட்டைக் கட்டி மேமாவோடு குடியேறினார். 1914 ஆகஸ்டில் ரைட் சிகாகோவில் இருந்த சமயம், வீட்டு வேலையாள் ஒருவன் வீட்டுக்குத் தீ வைத்து, தப்பி ஓடி வந்தவர்களைக் கோடரியால் வெட்டினான். மேமா, அவருடைய இரண்டு குழந்தைகள் உட்பட ஏழு பேர் செத்தார்கள். ரைட் அந்த வீட்டைத் திரும்பக் கட்டினார். 1925-ல் மறுபடி தீப்பிடித்தது. மறுபடியும் கட்டினார்.

நடுவில் டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல். 1923 செப்டம்பர் 1-ஆம் தேதி பெரும் பூகம்பத்தில் ஊரே நாசமானபோது அது சேதத்தோடு தப்பி நின்றது. பெயர் கிடைத்தது; வேலை கிடைக்கவில்லை. 1929-க்குப் பிறகு அமெரிக்காவில் யாரும் எதுவும் கட்டவில்லை. 1932-ல், 65 வயதில், சுயசரிதை எழுதி வெளியிட்டார். அதே வருஷம் டாலியெசினில் குருகுலம் மாதிரி ஒன்று ஆரம்பித்தார். இளைஞர்கள் பணம் கட்டிச் சேர்ந்து, வயலில் வேலை செய்து, சமைத்து, நடுவில் படம் வரையக் கற்றுக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் கட்டடக்கலைக்காரர்கள் அவரைப் பழைய காலத்து மனிதர் என்று ஒதுக்கிவிட்ட நேரம் அது. ஏறக்குறைய நம்மை மாதிரி ரிட்டயர் ஆன கணக்கு.

அந்தச் சுயசரிதையைப் படித்துவிட்டு 1934-ல் குருகுலத்தில் சேர்ந்தவர்களில் ஒருவர் எட்கர் காஃப்மன் ஜூனியர். அவருடைய அப்பா, அவரும் எட்கர் காஃப்மன்தான், பிட்ஸ்பர்க் நகரத்தில் பெரிய ஜவுளி, பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அம்மா லிலியன். பிள்ளையைப் பார்க்க வந்த பெற்றோருக்கு ரைட்டைப் பிடித்துப்போயிற்று. நகரத்திலிருந்து சுமார் 70 மைல் தள்ளி, பேர் ரன் என்ற காட்டோடைக் கரையில் அவர்களுக்கு நிலம் இருந்தது. அங்கே ஒரு சின்ன அருவி. வார விடுமுறைக்குப் போய் ஓடையில் குளித்து, ஒரு பெரிய பாறை மேல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அங்கே ஒரு வீடு வேண்டும் என்றார்கள்.

1934 டிசம்பரில் ரைட் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு பாறையும், ஒவ்வொரு பெரிய மரமும் எங்கே நிற்கிறது என்று குறித்த சர்வே வரைபடம். அது 1935 மார்ச்சில் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒரு கோடு போடவில்லை. செப்டம்பரில் ஒரு நாள் காஃப்மன் மில்வாக்கியிலிருந்து போன் செய்து, பிளானைப் பார்க்க வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். சுமார் 140 மைல் கார்ப் பயணம். ரைட் அமைதியாக வரச் சொல்லிவிட்டு மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். மாணவர்கள் பென்சில் சீவிச் சீவிக் கொடுக்க, கார் வந்து சேர்வதற்குள் எல்லாத் தளத்துக்கும் பிளான் போட்டு முடித்தார் என்று கூட இருந்த மாணவர்கள் பிற்பாடு எழுதியிருக்கிறார்கள். மேதை என்று எல்லோரும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். ஆனால் ஒன்பது மாதம் மனசுக்குள் போட்டு உருட்டாமல் இரண்டு மணி நேரத்தில் அது வந்திருக்காது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிப்பவர்கள் இதை உதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காஃப்மன் குடும்பம் எதிர்பார்த்தது, அருவிக்கு எதிரே நின்று அருவியைப் பார்க்கிற வீடு. கிடைத்தது, அருவியின் தலைமேலேயே உட்கார்ந்த வீடு. உள்ளே இருந்தால் அருவி கண்ணுக்குத் தெரியாது. ராத்திரியும் பகலும் சத்தம் மட்டும் கேட்கும். கேட்டது ஒன்று, வரைந்து கொடுத்தது ஒன்று. நம்மில் எத்தனை பேர் அந்த இடத்தில் எழுந்து போயிருப்போம்? அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதற்குக் காரணம் இருந்தது என்று நினைக்கிறேன். அவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் அந்தப் பாறையை ரைட் வெட்டவில்லை. அதை ஹாலின் தரையிலேயே துருத்திக்கொண்டு இருக்கும்படி விட்டு, கணப்புக்கு முன்னால் வைத்துவிட்டார். வீட்டின் நடு இடம் அவர்களுடைய பழைய இடம். வாய் திறந்து கேட்காததை அவர் கவனித்திருக்கிறார்.

இனி நம் டிபார்ட்மென்ட் விஷயம். ஹாலும் அதன் மேல்மாடமும் ஓடைக்கு மேலே சுமார் 15 அடி அந்தரத்தில் நீண்டு நிற்கின்றன. மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு முனையில் மட்டும் பிடிப்பு, மறுமுனைக்குக் கீழே ஒன்றும் கிடையாது. இதுதான் கான்டிலீவர். பாரத்தில் மேல்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் நசுங்கும். காங்கிரீட் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால் கம்பி மேல்பக்கம் போதுமான அளவு இருக்க வேண்டும். ரைட் தளத்தைக் கீழேயும் பீமை மேலேயும் வைத்துத் தலைகீழாகப் போட்டார். அடியிலிருந்து பார்த்தால் வழவழவென்று ஒரே பலகை. யோசனை அருமை. கம்பிதான் போதாது.

காஃப்மனுக்குப் பயம் வந்தது. வராமல் எப்படி? பிட்ஸ்பர்க் இன்ஜினீயர்களிடம் பிளானைக் காட்டினார். அவர்கள் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார்கள். அது தெரிந்ததும் ரைட், இந்த வீட்டுக்கு நீங்கள் தகுதியில்லை, வரைபடங்களைத் திருப்பி அனுப்புங்கள் என்ற தொனியில் பாய்ந்தார். காஃப்மன் பணிந்துபோனார். அந்த அறிக்கையை வீட்டின் கல் சுவருக்குள்ளேயே வைத்து மூடிவிட்டதாகக் கதை உண்டு. ஆனாலும் இன்ஜினீயர்கள் சும்மா இருக்கவில்லை. ஹால் தளத்துப் பீம்களில் ரைட் காட்டிய கம்பியைப் போல இரண்டு மடங்கு போட்டுவிட்டார்கள். ரைட்டுக்குச் சொல்லவில்லை. பிறகு தெரிந்தபோது அவர் ஆடிய ஆட்டத்தைச் சொல்லி முடியாது.

இந்த இடத்தில் என் கதை ஒன்று. இளவயதில் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தோம். ஆர்க்கிடெக்ட் ஆறடி பால்கனி காட்டியிருந்தார். கம்பி எனக்குக் குறைச்சலாகப் பட்டது. அவரிடம் வாக்குவாதம் பண்ணத் தைரியமில்லை. கம்பி கட்டுபவரைத் தனியாகக் கூப்பிட்டு நாலு கம்பி கூடப் போடச் சொல்லிவிட்டேன். சென்ட்ரிங் பிரிப்பதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் எதிரிலேயே மேஜையில் ஸ்கேலைத் தட்டிவிட்டு எழுந்து போனவர், அதற்கப்புறம் பல வருஷம் என்னோடு பேசவில்லை. பால்கனி இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் பயந்துபோன வீட்டுக்காரம்மா அந்தப் பால்கனியில் காலே வைத்ததில்லை. இரண்டு படித்தவர்கள் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டதை அவர் பார்த்துவிட்டார். கம்பி விஷயத்தில் நான் செய்தது சரி. வாயை மூடிக்கொண்டு செய்தது தப்பு என்று இன்றும் உறுத்துகிறது.

ஓடைக்குத் திரும்புவோம். முட்டுகளை எடுத்ததும் தளம் சுமார் ஒன்றே முக்கால் அங்குலம் இறங்கியது. கைப்பிடிச் சுவர்களில் விரிசல். மேற்குப் பக்கத்து மாடத்துக்கு அடியில் இன்ஜினீயர்கள் யோசனைப்படி ஒரு தாங்குசுவர் எழுப்பினார்கள். ரைட் அதைக் கண்டுபிடித்து, யாருக்கும் சொல்லாமல் மேல் வரிசைக் கற்களை மட்டும் எடுக்கச் செய்தார். சில வாரம் கழித்துக் காஃப்மன் வந்தபோது, சுவருக்கும் மாடத்துக்கும் நடுவே இருந்த சந்தைக் காட்டினார். மாடம் தானாகவே நின்றுகொண்டிருந்தது. இந்தத் திருட்டு விளையாட்டில் அவரும் சளைத்தவர் இல்லை.

ஆனாலும் இந்த வீட்டில் குடும்பத்தாரும் வாயில்லாப் பூச்சிகளாக இருந்துவிடவில்லை. காங்கிரீட்டுக்கு வெளியே தங்கத் தகடு ஒட்டலாம் என்று ரைட் கிளம்பினார், காஃப்மன் தலையசைக்கவில்லை. இளம் மஞ்சள் கலந்த காவி நிறத்தில் பெயின்டோடு முடிந்தது. ரைட் வரைந்த பீப்பாய் வடிவ நாற்காலிகளை லிலியன் அம்மாள் வேண்டாம் என்றார். தரை முழுக்க மேடும் பள்ளமுமான கற்பலகை. நாலு கால் நாற்காலி ஆடும். மூன்று கால் நாற்காலி எங்கே போட்டாலும் ஆடாமல் உட்காரும். அவர் மூன்று கால் நாற்காலிகளாகப் பார்த்து வாங்கிப் போட்டார். ஜியாமெட்ரி பாடத்தில் மூன்று புள்ளிகள் ஒரு தளம் என்று நாம் நெட்டுருப் போட்டதை அந்த அம்மாள் வீட்டுக்கு உபயோகப்படுத்தினார். எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த இடம் இதுதான்.

செலவைக் கேட்காதீர்கள். ஆரம்பத்தில் 20,000, 30,000 டாலர் என்று பேச்சு. பின்னால் கட்டிய விருந்தினர் விடுதி, சாமான்கள், ஆர்க்கிடெக்ட் ஃபீஸ் 8,000 எல்லாம் சேர்ந்து 1,55,000-ல் போய் நின்றது. மழை ஒழுக்கும் உண்டு. காஃப்மன் தன் வீட்டுக்கு ஏழு வாளி வீடு என்று பட்டப்பெயர் வைத்தார். 1938 ஜனவரியில் டைம் பத்திரிகையின் அட்டையில் ரைட்டின் படம், பின்னணியில் இந்த வீடு. எழுபது வயதுக்காரருக்கு இரண்டாம் வாழ்க்கை ஆரம்பமானது.

அவ்வளவு பணம் யாரிடம் இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக ஜேக்கப்ஸ் குடும்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் மேடிசனில் பத்திரிகை நிருபர். மனைவி காதரின், ஒரு சின்னக் குழந்தை. 1936-ல் ரைட்டிடம் போய், 5,000 டாலருக்குள் ஒரு நல்ல வீடு கட்டிக் காட்ட முடியுமா என்று சவால் மாதிரி கேட்டார்கள். ரைட் பரண், நிலவறை எல்லாவற்றையும் வெட்டினார். கார் நிற்கக் கதவில்லாத ஒரு கொட்டகை. வெந்நீர்க் குழாயைத் தரைக்குள் ஓடவிட்டுச் சூடு. சமையலறையை ஹாலுக்கு ஒட்டி வைத்து, அம்மா வேலை செய்துகொண்டே குழந்தையைப் பார்க்கும்படி. 1937-ல் முடிந்தது, ஃபீஸ் 450 உட்பட மொத்தம் 5,500 டாலர். வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்ததும் ஜேக்கப்ஸ் தலைக்கு 50 சென்ட் வசூலித்து, ஆர்க்கிடெக்ட் ஃபீஸைச் சம்பாதித்துவிட்டார். சில வருஷம் கழித்துக் குடும்பம் பெருகியபோது இரண்டாவது வீட்டுக்கும் அவர்கள் ரைட்டிடமே போனார்கள். திரும்பி வருகிற வாடிக்கையாளரை விடப் பெரிய சர்டிபிகேட் நம் தொழிலில் கிடையாது.

நம் நாட்டுத் தொடர்பும் ஒன்று உண்டு. அகமதாபாத் சாராபாய் குடும்பத்து கௌதமும் கீராவும் ரைட்டிடம் இருந்தவர்கள். 1940-களில் அவர்களுடைய காலிகோ மில்லுக்காக அவர் ஒரு கடைக் கட்டடம் வரைந்தார். கட்டப்படவில்லை. கட்டியிருந்தால் நாமும் எக்ஸ்கர்ஷன் போயிருப்போம்.

1959 ஏப்ரல் 9-ஆம் தேதி, 91 வயதில், அரிசோனாவில் ரைட் காலமானார். நியூயார்க்கில் அவருடைய கக்கன்ஹைம் அருங்காட்சியகம் ஆறு மாதம் கழித்துத் திறந்தது. வரைந்தவை ஆயிரத்துக்கும் மேல். எழுந்து நின்றவை ஐந்நூறுக்கும் மேல். பெரும்பாலானவை யாரோ ஒரு குடும்பத்தின் வீடு.

காஃப்மன் தன் வீடு எவ்வளவு இறங்குகிறது என்று 1941-லிருந்து 1955-ல் சாகும் வரை அளவு எடுத்துக்கொண்டே இருந்தார். லிலியன் 1952-லேயே போய்விட்டார். 1963-ல் மகன் வீட்டை ஒரு பாதுகாப்பு அமைப்புக்குக் கொடுத்தார். 1990-களின் நடுவில் ஒரு பொறியியல் மாணவர் தன் ஆய்வுக்காக அந்தப் பீம்களை மறுபடி கணக்குப் போட்டார். கணக்கு உதைத்தது. பிறகு வந்த நிபுணர்களும் சரிபார்த்தார்கள். மேல்மாடம் தன் பாரத்தைத் தானே தாங்காமல் ஜன்னல் சட்டங்கள் வழியாக ஹால் மேல் இறக்கிக்கொண்டிருந்தது. ஹால் முனை சுமார் ஏழு அங்குலம் தொங்கியிருந்தது. ரைட் காட்டிய கம்பியோடு மட்டும் விட்டிருந்தால் வீடு ஓடையில் விழுந்திருக்கும். திருட்டுத்தனமாகப் போட்ட கம்பிதான் அறுபது வருஷம் பிடித்து வைத்திருந்தது. அதுவும் போதவில்லை.

1997-ல் ஓடைக்குள் இரும்பு முட்டு வைத்தார்கள். 2002-ல் ஹால் தரைக் கற்களுக்கு ஒவ்வொன்றாக நம்பர் போட்டு எடுத்து, பீம்களுக்குப் பக்கத்தில் உருக்குக் கேபிள்களை ஓட்டி, ஜாக்கி வைத்து இறுக்கினார்கள். முனை ஓர் அங்குலத்துக்கும் குறைவாகவே மேலே வந்தது. பழைய மட்டத்துக்குக் கொண்டுவர யாரும் முயலவில்லை. முயன்றிருந்தால் மற்ற இடங்கள் வெடித்திருக்கும். கற்களை நம்பர்படி திரும்பப் பதித்தார்கள், முட்டுகளை எடுத்தார்கள். 2019-ல் அந்த வீடு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஹால் தரை இன்றும் ஓடைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. லிலியன் அம்மாளின் மூன்று கால் நாற்காலிகள் அதன் மேல் ஆடாமல் நிற்கின்றன.